சாந்தினி சௌக் ஏத்தமும் விசாலத்தோட சம்படமும்

மாடசாமி பெரிய ஆள் கிடையாது. முதல்லயே சொல்லிடறேன். எந்தப் போராட்டத்துலயும் அவன் முன்னாடி நின்னது இல்ல. ஊர்வலத்துல கொடி குடுத்தா பிடிப்பான். கோஷம் போடச் சொன்னா பக்கத்து ஆளப் பாப்பான். புனேல இருபது வருசம் சங்க வேலை பாத்தவன் நான். எழுதறதுக்கு எனக்குத் தலைவருங்க நெறைய பேர் தெரியும். அவங்களப் பத்தி அவங்களே எழுதிக்குவாங்க. நான் இவன எழுதறேன்.

ஊரு சங்கரன்கோயில் பக்கம். தொண்ணூத்தொண்ணுல புனே பக்கம் போசரிக்கு வந்து சேந்தான். இரும்பு பீரோ செய்யற கம்பெனி. பெயிண்ட் ஷாப்புல ப்ளோயர் ஆளு. அதாவது, பெயிண்ட் அடிக்கற கூண்டுல இருந்து புகைய வெளிய இழுக்கற ஃபேனும் தகரக் குழாயும் அவன் பொறுப்பு. அடைச்சா கழட்டுவான். ஓட்டை விழுந்தா ஒட்டுவான். காத்து சரியா இழுக்குதான்னு பாக்க மீட்டர் வாங்கித் தரச் சொல்லி நாங்க மூணு தடவ மனு குடுத்தோம். நிர்வாகம் தரல. மாடசாமி ஒரு முழம் வெள்ளை நூல் வச்சிருந்தான். குழாய் வாய்ல நூலப் பிடிப்பான். நூலு உள்ள போற வேகத்தப் பாத்து, "ரெண்டாவது மூட்டுல அடைப்பு"ம்பான். பிரிச்சா ரெண்டாவது மூட்டுலதான் அடைப்பு இருக்கும். எட்டு வருசம் அந்த நூலுதான் மீட்டர்.

தொண்ணூத்தொம்பதுல கம்பெனிய மூடினாங்க. நான் பதினோரு நோட்டீஸ் எழுதினேன். மூடினது மூடினதுதான். மாடசாமி, நிர்வாகம் குடுத்த பணத்த வாங்கிட்டு வண்டி ஓட்டக் கத்துக்கிட்டான். மூணு கை மாறின ஒரு வெள்ளை டீசல் கார வாங்கினான். கோந்த்வால ஜாதவ்னு ஒருத்தர் டிராவல்ஸ் வச்சிருந்தார். அவர்கிட்ட வண்டியக் காண்ட்ராக்ட்ல விட்டான். காலைல கோந்த்வால கம்ப்யூட்டர் புள்ளைங்கள ஏத்தி ஹிஞ்சேவாடில ஆபீஸ் வாசல்ல இறக்கணும். சாயங்காலம் திருப்பிக் கொண்டு வரணும். வீட்டுல அரிசி வேகறது அந்த ஓட்டத்துலதான். அவன் பொஞ்சாதி விசாலம், ரெண்டு பொட்டப் புள்ளைங்க, எல்லாம் அந்த வண்டிய நம்பித்தான்.

ரெண்டாயிரத்து மூணுல பிரச்சனை வந்துச்சு. புனே பைபாஸ்ல சாந்தினி சௌக்னு ஒரு சந்திப்பு, அது வர்றப்ப ஒரு ஏத்தம் இருக்கு. ஏசியப் போட்டுக்கிட்டு நாலு ஆளோட அந்த ஏத்தத்த வண்டி ஏறல. பின்னாடி வர்ற லாரி ஹாரன் அடிக்கும். மாடசாமி சத்தமில்லாம ஏசிய அணைச்சிடுவான். மேல ஏறினதும் போடுவான்.

தெனம் வர்றவங்கள்ல ஸ்ரீவித்யான்னு ஒரு பொண்ணு. கோயமுத்தூர். புரோகிராம்ல தப்புக் கண்டுபிடிக்கிறதுதான் அதுக்கு வேலை. சம்பளம் வாங்கிட்டு குறை சொல்ற வேலை. நான் சம்பளம் வாங்காம செஞ்சத அது வாங்கிட்டு செய்யுது.

"ஏசி நின்னு போச்சுங்ணா."

"நிக்கல பாப்பா, நிறுத்தியிருக்கு. ஏத்தம் தாண்டினதும் போடுதேன்."

"டெய்லி இதே எடத்துலயாங்ணா?"

"ஏத்தம் டெய்லி அதே எடத்துலதான இருக்கு."

அந்தப் பொண்ணு சிரிச்சுதாம். சிரிச்சுட்டு ஆபீஸ் போய் கம்ப்ளைண்ட் எழுதிடுச்சு. நம்பர் போட்டு எழுதியிருந்துச்சு. ஒண்ணு, சாந்தினி சௌக்ல ஏசி நிக்குது. ரெண்டு, எப்பப் போனாலும் நிக்குது. மூணு, டிரைவர் நல்லவர். மூணாவது பாயிண்ட ஜாதவ் படிக்கல.

ஜாதவ் கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். அவர் இந்தில சொன்னத நான் தமிழ்ல தர்றேன்.

"இங்க பாரு மாடசாமி. தசரா முடிஞ்ச மறுநாள், திங்கக்கிழமை, நானே உன் வண்டில ஏறுவேன். ஏழரைக்குக் கோந்த்வா. எட்டரைக்கு ஹிஞ்சேவாடி கேட். நாலு ஆளு, ஏசி ஓடிக்கிட்டே இருக்கணும். முடிஞ்சா வண்டி இருக்கும். முடியலன்னா செவ்வாக்கிழமைல இருந்து வேற வண்டி."

நான் வாயத் தொறந்தேன். "இது ஒருதலைப்பட்சமான…"

"அண்ணாச்சி, சும்மா இரும்"னான் மாடசாமி. "சரி சேட்"னு சொல்லிட்டு வெளிய வந்துட்டான்.

அங்கேருந்து நேரா முகமது ரஃபீக் கேரேஜுக்குப் போனோம். ரஃபீக் ஆம்பூர்க்காரன். கோந்த்வா மெயின் ரோட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டாய். போனட்டத் தொறந்து கொஞ்ச நேரம் காதக் குடுத்துக் கேட்டான்.

"இன்ஜின் நல்லாத்தான் இருக்கு சாமி. மூச்சுதான் சூடா இழுக்குது."

ஏர் ஃபில்டர் பெட்டி வெடிச்சுப் போயிருந்துச்சு. வெளிக்காத்து வர்ற குழாய் எப்பவோ காணாப் போச்சு. ரேடியேட்டர் பின்னாடி இருக்கற அனல் காத்தத்தான் வண்டி குடிச்சிட்டு இருந்துச்சு. புதுப் பெட்டி, குழாய் எல்லாம் வாங்கிப் போட்டா எவ்வளவு ஆகும்னு ரஃபீக் சொன்னான். மாடசாமி போனட்ட மெதுவா மூடினான்.

"பாய், இது பெயிண்ட் ஷாப்புதான்."

"எது?"

"இந்த வண்டி. கூண்டுக்குள்ள அனல், வெளிய நல்ல காத்து. நடுவுல குழாய் இல்ல. குழாய் நான் போடுதேன்."

"தலைவரே, இவன் பீரோ கம்பெனி ஆளு. கார்ல கை வெச்சா கார் பீரோவா ஆயிடும்"னு என்கிட்ட சொன்னான் ரஃபீக். ஆனா கேரேஜ் ஓரத்துல எடம் குடுத்தான்.

ஞாயித்துக்கிழமை, பழைய சாமான் விக்கற ஜூனா பஜார்ல பொறுக்கினது இவ்வளவுதான். மூணு இஞ்சு பிவிசி பைப் ரெண்டு முழம், வளைவுக்கு மாட்டற முழங்கை ரெண்டு, வாஷிங் மெஷின் தண்ணி போற மாதிரி மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் குழாய், ஹோஸ் கிளிப் ஆறு. மண்ணெண்ணெய்க் கடைக்காரன் தூக்கிப் போட்ட பெரிய தகரப் புனல் ஒண்ணு. உள்ள வைக்க டெம்போவோட வட்டமான பேப்பர் ஃபில்டர், அது மட்டும் புதுசு. ஃபில்டர் உக்கார ஒரு பெட்டி வேணும். வட்டமா, துருப் பிடிக்காம, மூடி இறுக்கமா. பஜார் முழுக்கத் தேடினோம். கெடைக்கல.

திங்கக்கிழமை ஒரு எவர்சில்வர் சம்படத்தோட வந்தான். பெரிய சம்படம். நம்ம வீடுங்கள்ல முறுக்கு போட்டு வைப்பாங்களே, அது. பக்கத்துல பேரு வெட்டியிருந்துச்சு: மா. விசாலம், 12.6.92.

"தங்கச்சிக்குத் தெரியுமா?"ன்னேன்.

"முறுக்கு சுடும்போது தெரியும்"னான்.

அடில ஒரு ஓட்டை, பக்கத்துல ஒரு ஓட்டை போட்டான். விளிம்புல ரப்பர் வச்சு எம்-சீல் பூசினான். எண்ணெய் டின்ன வெட்டித் தட்டையாக்கி, இன்ஜின் சூடு படாம நடுவுல சுவரு மாதிரி நிறுத்தினான். ஒரு வாரம், சாயங்கால ட்ரிப் முடிஞ்சு வந்து செஞ்சான். நான் ஸ்பேனர் எடுத்துக் குடுத்தேன். தப்பான சைஸ் குடுத்தேன். அவன் ஒண்ணும் சொல்லாம சரியானத அவனே எடுத்துக்கிட்டான்.

புனல் வாய எங்க வைக்கறதுன்னுதான் சண்டை வந்துச்சு.

"கீழ வை, பம்பருக்குப் பின்னாடி. அங்கதான் காத்து குளிரா வரும்"னான் ரஃபீக்.

"மழைல ரோட்டுல முட்டளவு தண்ணி நிக்கும் பாய். கீழ வச்சா தண்ணியக் குடிச்சிரும். குடிச்சா இன்ஜின் அன்னைக்கே செத்துரும்."

"அப்ப எங்க வெப்ப? கூரை மேலயா?"

முன்னாடி கிரில்லுல நடுவுல ரெண்டு கம்பிய அறுத்துட்டு, புனல் வாய நேரா ரோட்டப் பாத்து வச்சான். தண்ணிக்கு மேல, காத்துக்கு எதிரா. ரஃபீக் சுத்திச் சுத்திப் பாத்தான். குத்தம் கெடைக்கல. ஆக்ஸிலேட்டர மிதிக்கச் சொல்லி மாடசாமி பைல இருந்து வெள்ளை நூல எடுத்தான். புனல் வாய்ல பிடிச்சான். நூலு வெடுக்குன்னு உள்ள போய் கம்பி மாதிரி நின்னுச்சு. மூட்டு மூட்டா நூல வச்சுப் பாத்துட்டு, "முழங்கைல கசியுது"ன்னு இன்னொரு சுத்து எம்-சீல் வச்சான்.

மறுநாள் நானு, ரஃபீக், கேரேஜ் ஆளுங்க ரெண்டு பேரு ஏறி, ஏசி போட்டு சாந்தினி சௌக் போனோம். மூணாவது கியர்ல ஏறிடுச்சு. முன்னாடி ஒரு ஊளைச் சத்தம் வந்துச்சு, அவ்வளவுதான். ரஃபீக் திரும்பி ஏத்தத்தப் பாத்தான். அப்புறம், "முறுக்கு டப்பா"ன்னு மட்டும் சொன்னான்.

விசாலத்துக்குத் தசராவுக்கு ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சுபோச்சு. நான் அப்ப அவங்க வீட்டுல டீ குடிச்சிட்டிருந்தேன்.

"பெரிய சம்படத்த எடுத்தியளா?"

"வண்டில இருக்கு."

"வண்டில எதுக்கு? சோறு கொண்டு போறியளோ?"

கூட்டிட்டுப் போய் போனட்டத் தொறந்து காட்டினான். விசாலம் குனிஞ்சு பாத்துச்சு. நான் கேட் பக்கமா ரெண்டடி நகந்து நின்னேன்.

"எங்கப்பா சீதனமா குடுத்தது."

"ஆமா."

"ஓட்டை போட்டுட்டிய."

"ரெண்டு."

அந்தம்மா சம்படத்தச் சுத்திப் பேரத் தேடுச்சு. "போட்டதுதான் போட்டிய, பேரு பேட்டரியப் பாத்து இருக்கு. ஆளு பாக்குத பக்கமா வச்சிருக்கக் கூடாதா?"

மாடசாமி ஸ்பேனர் எடுத்து சம்படத்தத் திருப்பி வச்சான். பேரு மேல தெரிஞ்சுது. "வண்டி போச்சுன்னா சம்படத்துல போட முறுக்கும் இருக்காது, தெரியும்லா"ன்னு விசாலம் என்னப் பாத்துச் சொன்னுச்சு. என்னமோ நான் ஓட்டை போட்ட மாதிரி.

ஞாயித்துக்கிழமை தசரா. புனேல அன்னைக்கு சைக்கிள்ல இருந்து லாரி வரைக்கும் சாமந்தி மாலை போடாத வண்டி இருக்காது. விசாலம் மார்க்கெட் யார்டு போய் ஆள் உயர மாலை வாங்கி வந்துச்சு. மறுநாள் பரீட்சை, அதனால மாலையும் பெருசு. சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடில எலுமிச்சம்பழம். மாலைய முன்னாடி கிரில்லுல மூணு சுத்து சுத்திக் கட்டுச்சு. அக்கம்பக்கத்து மராட்டிக்காரங்க வந்து தங்கம் மாதிரின்னு குடுப்பாங்களே, அந்த ஆப்டா இலை, அதையும் மாலைல செருகிட்டுப் போனாங்க.

மாலை நேரா புனல் வாய் மேல தொங்குச்சு.

நான் பாத்தேன். மறைக்க மாட்டேன், பாத்தேன். சொல்லல. காரணம் இருக்கு. தொண்ணூத்தஞ்சுல கம்பெனில இதே பூசையப்ப, "மெஷினுக்கு மாலை, மனுசனுக்கு என்ன?"ன்னு ஒரு நோட்டீஸ் அடிச்சு விட்டேன். நல்ல நோட்டீஸ்தான். மறுநாள் பதினெட்டு பேரு சங்கத்த விட்டுப் போயிட்டாங்க. அதுல இருந்து பூசைன்னா நான் வாயத் தொறக்கறது இல்ல. அந்தப் பழக்கத்துல அன்னைக்கும் சுண்டல வாங்கித் தின்னுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். எட்டு வருசம் காத்துக் குழாய் பாத்த மாடசாமிக்கும் தோணல. அவனுக்கு அது மாலை. அடைப்பா அவன் கண்ணுக்குத் தெரியல.

திங்கக்கிழமை காலைல ஏழரை. ஜாதவ் முன் சீட்டுல ஏறினார். பின்னாடி ஸ்ரீவித்யா, அதோட ரூம்ல இருக்கற ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு ஏறின ஒடனே தூங்கிடும், எறங்கறப்பதான் முழிக்கும். நாலாவது ஆளு தசராவுக்கு ஊருக்குப் போயிருந்தான். எடைக்கு ஆளு வேணும்னு என்ன ஏத்தினாங்க. இருபது வருச இயக்க வாழ்க்கைல நான் எதுக்காவது நேரடியா பயன்பட்டது அன்னைக்குத்தான், எம்பத்திரண்டு கிலோ.

காத்ரஜ் தாண்டற வரைக்கும் நல்லா போச்சு. ஏசி ஜில்லுன்னு. பைபாஸ்ல வேகம் எடுத்தான். வார்ஜே வந்தப்ப பின்னாடி பாத்தேன். கறுப்புப் புகை.

"மாடசாமி, புகை."

"தெரியுது அண்ணாச்சி."

ஏத்தம் ஆரம்பிச்சுது. மூணாவது. ரெண்டாவது. வண்டி நடுங்குச்சு. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். ஸ்ரீவித்யா ஏசி பட்டனப் பாத்துச்சு. ஜாதவும் ஏசி பட்டனப் பாத்தார். மாடசாமி கை கியர்ல இருந்து கெளம்பி பட்டன் பக்கமா போச்சு. போய் நின்னுச்சு. அணைச்சா அங்கயே முடிஞ்சுது. அவன் அணைக்கல. ஓரங்கட்டி நிறுத்தி, ஏசி ஓடறப்பவே எறங்கி போனட்டத் தொறந்தான்.

எல்லாரும் எறங்கினோம், தூங்கற பொண்ணத் தவிர. நூலு எடுக்கல. தேவைப்படல. கிரில்லுல மாலைக்குப் பதிலா வெறும் நாருதான் தொங்குச்சு. சம்படத்து மூடியத் தொறந்தான். உள்ள முக்கால் சம்படம் சாமந்தி. ஃபில்டர சுத்தி இதழ் இதழா அப்பி, நடுவுல நாலஞ்சு ஆப்டா இலை.

மாடசாமி அதப் பாத்துட்டு நின்னான். "அடைப்பு"ன்னான். சம்படத்தக் கழட்டி, ரோட்டு ஓரமா கவுக்கப் போனான்.

"தாம்ப்! தாம்ப்!"னு கத்தினார் ஜாதவ். நிறுத்துன்னு அர்த்தம். "அது நிர்மால்யம்!"

சாமிக்குப் போட்ட பழைய பூ. அவங்க அத ரோட்டுல போட மாட்டாங்க, காலு படற எடத்துல விட மாட்டாங்க. ஆத்துலதான் விடணும். ஜாதவ் கைக்குட்டைய எடுத்து போனட் மேல விரிச்சார். சம்படத்துல கை விட்டு இதழ் இதழா எடுத்து வச்சார். கைக்குட்டை பத்தல. ஸ்ரீவித்யாவோட துப்பட்டாவப் பாத்தார். அந்தப் பொண்ணு ரெண்டடி பின்னாடி போச்சு. என் தோள்ல கெடந்த துண்ட எடுத்துக்கிட்டார். ஏற்கெனவே ரோட்டுல விழுந்து காத்துல ஓடின நாலு இதழையும் லாரிங்களுக்கு நடுவுல போய்ப் பொறுக்கிட்டு வந்தார். கடிகாரம் அவர் கையிலதான் இருந்துச்சு. பாக்கல.

மாடசாமி சம்படத்தத் திரும்ப மாட்டி மூடியப் போட்டான். ஜாதவ் துண்டு மூட்டைய மடில வச்சு ஏறினார். வண்டி அந்த ஏத்தத்த மூணாவது கியர்ல ஊளை விட்டுக்கிட்டு ஏறுச்சு. வழில முளா நதிப் பாலம் வந்துச்சு. ஜாதவ் ஆத்தப் பாத்தார், நிறுத்தச் சொல்லல. பரீட்சை இன்னும் முடியல, அவரு நேர்மையான ஆளு.

ஹிஞ்சேவாடி கேட்ல எட்டு முப்பத்தாறு.

"ஆறு நிமிசம் லேட்"னார் ஜாதவ். "என்ன பண்றது மாடசாமி. பேச்சுன்னா பேச்சு."

என் கட்டம் வந்துச்சுன்னு நெனச்சேன். தொண்டையக் கனைச்சேன். "தோழர் ஜாதவ், வேலைத் தாமதத்துக்குத் தொழிலாளி காரணமா இல்லாத பட்சத்துல…"

"அண்ணாச்சி."

நான் நிறுத்தினேன். மாடசாமி ஜாதவப் பாத்துத் திரும்பினான். அவனுக்குத் தெரிஞ்ச மராட்டி நாப்பது வார்த்தை இருக்கும். அத வச்சே கேட்டான்.

"சேட், நான் கழட்டி மாட்ட மூணு நிமிசம். பூ பொறுக்க எவ்வளவு?"

ஸ்ரீவித்யா பேசுச்சு, இங்கிலீஷ்ல. "எட்டு நிமிஷம். நான் மொபைல்ல பாத்தேன்." கம்ப்ளைண்ட் எழுதின அதே பொண்ணு. தப்பு எங்க இருக்குன்னு சொல்றதுதான் அதுக்கு வேலை, யாரோடதுன்னு பாக்கறது இல்ல.

"எட்டு போனா எட்டு இருபத்தெட்டு"ன்னான் மாடசாமி. "சேட், பூவ ரோட்டுல கொட்டிருக்கணும்னு நீங்க சொல்லுங்க. சொன்னா சாவிய இப்பவே தந்துட்டுப் போறேன்."

ஜாதவ் மடில இருந்த மூட்டையப் பாத்தார். சாவியப் பாத்தார். கேட்ல நின்ன வாட்ச்மேன் உள்பட எல்லாரும் அவரப் பாத்தாங்க. தூங்கற பொண்ணு முழிச்சு, "வந்துடுச்சா?"ன்னு கேட்டுச்சு.

பதினோரு நோட்டீஸ்ல நான் ஒரு நிர்வாகத்தையும் இப்படி மூலைல நிறுத்தினது இல்ல.

"வண்டி இருக்கட்டும்"னார் ஜாதவ். "ஆனா முன்னாடி மாலை போடாத. கண்ணாடிக்கு மேல ஒத்தப் பூ வச்சாப் போதும்."

"சரி சேட்."

புள்ளைங்க எறங்கிப் போச்சுங்க. ஸ்ரீவித்யா போறப்ப, "ஏசி நிக்கலீங்ணா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போச்சு. அத எழுதிக் குடுக்கச் சொல்லலாமான்னு யோசிச்சேன். கேக்கல.

ஜாதவ் முன் சீட்டுலயே உக்காந்திருந்தார். "ஆத்துக்கு விடு"ன்னார்.

முளா பாலத்துல ஓரமா நிறுத்தினோம். ஜாதவ் செருப்பக் கழட்டிட்டு என் துண்டோட கைப்பிடிச் சுவர்கிட்ட போனார். மாடசாமியும் செருப்பக் கழட்டிட்டுப் பின்னாடியே போனான். ரெண்டு பேருமா பூவ அள்ளி அள்ளி ஆத்துல விட்டாங்க. என்னையும் கூப்பிட்டாங்க. நான் எறங்கல. ஏசி ஓடிக்கிட்டிருந்துச்சு.